ஊரணி தூர்வாரப் போய் வழக்கில் சிக்கிய கதை

என் கடையில் மனு எழுதித் தட்டச்சு செய்து கொடுக்க 30 ரூபாய். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தகரக் கொட்டகையை நம் பக்கம் நகர்த்தியது என்று பதினைந்து வருடமாக ஊரின் மனக்குறை முழுவதும் என் விசைப்பலகை வழியாகத்தான் போயிருக்கிறது. எந்த மனுவுக்குப் பதில் வரும், எது கட்டோடு கட்டாகப் பரணுக்குப் போகும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான், 2019இல் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதாமல் பதினாறு பிள்ளைகளை ஊரணிக்குள் இறக்கிவிட்டேன். அதற்குக் கொடுத்த விலையைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் துடிப்பான பிள்ளைகள் நான்கு பேர் இருந்து, அவர்கள் ஒரு பெரியவரைத் தேடி வந்து, அந்தப் பெரியவர் நீங்களாக இருந்தால், இது உங்களுக்கு உதவும்.

தங்கை மகனிடமிருந்து தொடங்க வேண்டும். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோது அவனுக்கு வயது 18, பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். புத்தகம் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மூன்று நண்பர்களோடு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டான். 23ஆம் தேதி கடற்கரையிலிருந்து எல்லோரையும் அடித்து விரட்டினார்களே, அன்று முழுவதும் அவன் போனை எடுக்கவில்லை. தங்கை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இரவு ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தான். மாப்பிள்ளை அடிக்கக் கையை ஓங்கினார். நான் நடுவில் புகுந்து, "பையன் திருடப் போகவில்லையே, விடுங்கள்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு நான் அந்தப் பிள்ளைகளுக்கு மாமா ஆனேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. நாற்பத்து நான்கு வயதில், பத்துப் பதினைந்து இளைஞர்கள் நம் கடை வாசலில் நின்று நாட்டு நடப்பு பேசினால் நமக்கே வயது குறைந்த மாதிரி இருக்கும். இந்தப் பெருமையை முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பின்னால் நான் செய்த தவறுகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

அதே வருடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்றச் சொன்னபோது அரிவாளும் கடப்பாரையுமாகக் கிளம்பினார்கள். பின்னர் அந்த உத்தரவுக்கே தடை வந்தது, இவர்கள் வெட்டிய இடத்தில் மறு மழைக்கே முள் துளிர்த்தது. அது வேறு கதை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்தது. தென்னை எல்லாம் முறிந்து, மின்கம்பங்கள் சாய்ந்து, எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது இந்தப் பிள்ளைகள் உழைத்த உழைப்பை ஊர் இன்றும் சொல்லும். சாலையில் விழுந்த மரத்தை அறுத்தார்கள், பாய், பால் பவுடர் என்று லாரியில் வந்ததைத் தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பேரிடரில் யாரும் அனுமதி கேட்பதில்லை. அதுவே அவர்களுக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்ட படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. எங்கள் ஊரணியும் வெடித்துக் கிடந்தது. மே மாதம் ஒரு சாயங்காலம் கடையை மூடும் நேரத்தில் தங்கை மகன் வந்தான். கூடவே இரண்டு பையன்களும், கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் கையில் நோட்டுப் புத்தகம். பொக்லைனுக்கு மணிக்கு ஆயிரம், டிராக்டருக்கு நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவைத்திருந்தாள். "மாமா, பத்து நாள் வேலை. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். நீங்கள் பணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்." நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்பது. நான் கேட்டது, எப்போது ஆரம்பிக்கலாம் என்பது.

அனுமதி வாங்காததற்கு அன்று ஒரு சாக்கு இருந்தது. 2016 அக்டோபரிலிருந்தே தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். அந்த அலுவலருக்கு எங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர். மக்களவைத் தேர்தல் நேரம் என்று மே 1 கிராம சபையும் எங்கள் ஊரில் நடக்கவில்லை. போய்க் கேட்டால் ஆறு மாதம் இழுப்பார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். இழுத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேட்டோம் என்பதற்கு ஒரு ஒப்புகைச் சீட்டு கையில் இருந்திருந்தால், பின்னால் வழக்கறிஞர் எங்களைப் பார்த்த பார்வையே வேறாக இருந்திருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் போட்டுச் சீட்டு தருவார்கள். அதற்கு ஆகும் செலவு பஸ் டிக்கெட்தான். பதில் வராவிட்டாலும் அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள்.

வேலை தொடங்கியது. வாட்ஸ்அப் குழுவில் 212 பேர் சேர்ந்தார்கள். என் சொந்தச் சேமிப்புக் கணக்கின் எண்ணைத்தான் அதில் போட்டோம். மொத்தம் 1,31,500 ரூபாய் வந்தது. அதில் 40,000 சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியது. காலை ஆறு மணிக்கு வெயில் ஏறும் முன்பே பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். ஆறாம் நாள் வடகரையில் மண்வெட்டி எதிலோ மோதி ணங்கென்றது. கையால் சேற்றைத் தள்ளிப் பார்த்தால் கருங்கல். அன்று முழுவதும் பொக்லைனை நிறுத்திவிட்டு, மண்சட்டியும் துடைப்பமுமாகத் தோண்டினார்கள். பொழுது சாயும்போது பதின்மூன்று படிகள் வெளியே வந்திருந்தன. எனக்கு விவரம் தெரிந்து அங்கே படித்துறை என்று ஒன்றைப் பார்த்ததில்லை. கீழத்தெருவிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான்காவது படியில் உட்கார்ந்து, ஓரத்தில் குழிவாக இருந்த ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "மஞ்சள் உரைக்கிற இடம்" என்றார். கணக்கு எழுதும் பெண் நோட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இவ்வளவு நடந்த பிறகும் இந்தப் பிள்ளைகளைத் தடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் அந்தச் சாயங்காலம்தான்.

இப்போது சொல்லக் கூசும் பகுதி. பத்து நாளில் பொக்லைனுக்கு 90,000, இரண்டு டிராக்டருக்கு 50,000, சாப்பாட்டுக்கு 22,000 என்று 1,62,000 ஆகிவிட்டது. 30,500 ரூபாய் துண்டு விழுந்தது. எட்டாம் நாள் ஒருவர் வந்து, வண்டலுக்குக் கீழே இருக்கும் கிராவலை டிப்பருக்கு 700 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஊரணிக்குத்தானே செலவாகப் போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெரியவர் பேசாமல் இருந்தால் பிள்ளைகள் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு இரவில் 26 லோடு போனது. 18,200 ரூபாய் வந்தது, அப்படியே பொக்லைன்காரருக்குப் போனது. மூன்றாம் இரவு பதினொன்றரை மணிக்குத் தங்கை மகனின் குரல்: "மாமா, வண்டியைப் பிடித்துவிட்டார்கள். உங்கள் பெயரைத்தான் கேட்கிறார்கள்."

புகார் கொடுத்தவர் யார் என்று பிறகு தெரிந்தது. ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துவாரியை மடக்கித் தோட்டமாக்கி வைத்திருந்தவர். ஊரணி ஆழமானால் அடுத்து வாரியை அளப்பார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். ஆனாலும் அவர் புகாரில் எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அனுமதியின்றி மண் எடுத்தார்கள், விற்றார்கள். இரண்டும் நடந்தவைதான். இந்திய தண்டனைச் சட்டம் 379, கூடவே கனிம வளச் சட்டம். இரண்டரை வருடத்துக்கு முன் "பையன் திருடப் போகவில்லையே" என்று சொன்ன வாயால், என் பெயரையும் அவன் பெயரையும் மற்ற இரண்டு பையன்களின் பெயரையும் திருட்டு வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் படித்தேன். நகல் எடுத்ததும் என் கடையிலேயேதான்.

மண் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தூர்வாரப் போகும் இளைஞர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். நீர்நிலையில் இருக்கும் மண் அரசுக்குச் சொந்தம், ஊருக்குச் சொந்தம் அல்ல. வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க விதியில் இடம் உண்டு. எந்த ஏரி, எந்தச் சர்வே எண், எத்தனை கன மீட்டர் என்று குறிப்பிட்டு அனுமதி வாங்க வேண்டும். அன்று அதற்குக் கலெக்டர் வரை போக வேண்டியிருந்தது. 2024இல் வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் எடுத்த மண்ணை விற்கக் கூடாது, அது அன்றும் இன்றும் ஒன்றுதான். கரையைப் பலப்படுத்த அங்கேயே கொட்டுங்கள். ஒரு சட்டி மண்ணுக்கு ஒரு ரூபாய் வாங்கினாலும் நீங்கள் வியாபாரி. பணம் போதவில்லை என்றால் வேலையைப் பாதியில் நிறுத்துங்கள். பாதி தூர்வாரிய ஊரணி யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது.

அன்று இரவிலிருந்து நான் தனியாள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வெளியேறினார், அடுத்தவர் வெளியேறினார், விடிவதற்குள் 212 பேர் 31 பேர் ஆனார்கள். படித்துறையில் நின்று படம் எடுத்துக்கொண்ட பிரமுகர்கள் அதை முகப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்கு எழுதிய பெண்ணை அவள் அப்பா திருச்சியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறைகூட நான் அவர் வீட்டுக்குப் போய், உங்கள் மகள் இந்த வேலையில் இருக்கிறாள், நான் பொறுப்பு என்று சொன்னதில்லை. தங்கை வீட்டுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மற்ற பதினைந்து வீட்டுக்கும் மகன் எங்கே போகிறான், மகள் எங்கே போகிறாள் என்று தெரியாது. இன்றைக்கு யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "வீட்டில் சொல்லிவிட்டாயா?" பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பதினெட்டு வயது ஆகிவிட்டது, ஓட்டுப் போடுகிறேன், வீட்டில் எதற்குச் சொல்ல வேண்டும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் நள்ளிரவில் காவல் நிலையத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வருவது வீட்டார்தான், குழுவில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் அல்ல.

மதுரையில் முன்ஜாமீன் கிடைத்தது. பதினான்கு நாள் தினமும் காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் கையெழுத்து. வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு, நால்வரும் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எங்களில் ஒரு பையனுக்கு அரியர் தேர்வு அந்த நாட்களிலேயே வந்தது, அதுவும் பத்து மணிக்கு. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவன் தேர்வையே விட்டுவிட்டான். வழக்கறிஞரிடம் முதல் நாளே தேர்வு அட்டவணையைக் கொடுத்திருந்தால் நேரத்தை மாற்றிக் கேட்டிருப்பார். இன்னொருவனுக்கு வளைகுடாவில் வேலை உறுதியாகியிருந்தது. போலீஸ் விசாரணையில் வழக்கு நிலுவை என்று எழுதியதும் பாஸ்போர்ட் நின்றுபோனது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி உத்தரவு வாங்கினால் பாஸ்போர்ட் பெற வழி உண்டு. எங்களுக்கு அது தெரிந்து, வாங்கி முடிக்க ஏழு மாதம். அதற்குள் அந்த வேலை போய்விட்டது. போராட்டம், மறியல், ஊர் வேலை எதுவானாலும், வழக்கு வந்தால் எது எது தடைபடும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். அவர்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்து இறங்குகிறவன் உறுதியாக நிற்பான். 2017 ஜனவரி போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது 2021 பிப்ரவரியில். நான்கு வருடம். இருபது வயதில் நான்கு வருடம் என்பது படிப்பு, முதல் வேலை எல்லாம் அடங்கிய காலம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்த்து 48,000. பொக்லைன் 52 நாள் நிலையத்து வாசலில் நின்றது. அதன் உரிமையாளர் மாதத் தவணை கட்ட முடியாமல் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார், 75,000 கொடுத்தேன். பாக்கி வாடகை 12,300. அப்புறம் சிங்கப்பூர்ப் பணம். ஆடிட்டர் ஒருவரிடம் கணக்கைக் காட்டியபோது அவர் முதலில் அந்த வரியைத்தான் விரலால் சுட்டினார். அனுப்பியவர் அங்கே குடியுரிமை வாங்கியவரா என்றார். ஆம். அப்படியானால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, பதிவு இல்லாமல் பொது வேலைக்கு வாங்கவே கூடாது என்றார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியிருந்தால், அவர் நம் தெருவிலேயே பிறந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்காரர்தான். 40,000ஐத் திருப்பி அனுப்பினேன். ஆக 1,75,300 ரூபாய். கடை 19 நாள் பூட்டிக்கிடந்தது தனி. மனைவியின் நான்கு பவுன் சங்கிலி அடகுக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பியது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் கழுத்தோடு கல்யாண வீடுகளுக்கு வந்தாள், அது போதாதா.

பொதுப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்காவது தொடங்குங்கள். நீண்ட நாள் வேலை என்றால் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்வது இன்னும் நல்லது. எங்களைக் காப்பாற்றியது அந்தப் பெண் எழுதிய நோட்டுப் புத்தகம்தான். 18,200 ரூபாய் வந்ததும், அதே நாள் பொக்லைனுக்குப் போனதும் தேதியோடு, ஓட்டுநரின் கையெழுத்தோடு அதில் இருந்தது. யாரும் ஒரு ரூபாய்கூடத் தன் பைக்குள் போடவில்லை என்பதற்கு வேறு சாட்சியே இல்லை. 2021இல் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டு வழக்கு முடிந்தபோது, அந்த நோட்டுப் புத்தகத்தின் நகல் கோப்பில் 41 பக்கம் இருந்தது.

முடிந்த பிறகு ஒரு வருடம் நான் யாரையும் கடையில் நிற்க விடவில்லை. 2022இல் அந்தப் பெண்ணே வந்தாள். படிப்பு முடித்துத் திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவளுக்கு வரத்துவாரி வேண்டும். என் கை நடுங்கியது. "அண்ணன்கள் மாதிரி இறங்க மாட்டேன் மாமா, முதலில் காகிதம்" என்றாள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியின் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அகலமும் கேட்டோம். முப்பது நாளில் பதில் வரவில்லை, மேல்முறையீடு செய்தோம், வந்தது. நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம் வைத்தாள். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். காலையிலிருந்து வீடு வீடாகப் போய் அழைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை எண்ணிக்கொண்டே நின்றாள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நில அளவைக்கு மட்டும் பதினோரு மாதம் ஆனது. எனக்குப் பொறுமை போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் முதல் பெயர் என்னுடையது. அது நான் வைத்த நிபந்தனை. அடி விழுந்தால் முதல் அடி ஐம்பது வயதுக்காரனுக்கு விழட்டும், அவனுக்கு இனி பாஸ்போர்ட்டும் வேண்டாம், அரசு வேலையும் வேண்டாம்.

தங்கை மகன் வரவில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தால் ஊரணிப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் பஸ் நிறுத்தத்துக்குப் போவான். ஊர் நியாயம் பேசினால் எழுந்து போய்விடுவான். மற்றதெல்லாம் பணம், சங்கிலி, மீட்டுவிட்டோம். இந்தப் பிள்ளையைப் பழையபடி ஆக்க எனக்கு வழி தெரியவில்லை. அவன் அப்பா என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் அவர் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

அளவை முடிந்த வருடம், ஐப்பசி கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. வாரியில் தண்ணீர் வருகிறது என்று ஊரே கரையில் நின்றது. இரவு எனக்கு ஒரு செய்தி வந்தது, தங்கை மகனிடமிருந்து. நலமா என்றுகூட இல்லை. "எத்தனை படி தெரிகிறது?"

குடையும் டார்ச்சுமாகப் போய்ப் பார்த்தேன். ஐந்து, என்று அனுப்பினேன்.